வரிசைக் கடைசியில் கேட்ட சிரிப்பு

காஞ்சிபுரத்தில் அமாவாசையன்று தறி ஓடாது. மாதத்தில் அந்த ஒரு நாளை நம்பித்தான் கோதண்டபாணி தன் சைக்கிள் கூட்டத்தை ஆரம்பித்தான். அவன் நெசவாளி இல்லை. ஏனாத்தூரில் நிலம் உள்ள குடும்பம். டவுனில் குடியேறி ஒரு அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்தான். ஆனால் சைக்கிளில் நெடுந்தூரம் போகும் ஆசை உள்ளவர்கள் அவனுக்குப் பெரும்பாலும் தறிக்காரர்களாகவே கிடைத்தார்கள். நாளெல்லாம் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒருநாளாவது காற்றில் போக வேண்டும் போலிருந்தது. அவர்களுக்காக அவன் மில்லில் பேசித் தன் வார விடுப்பை அமாவாசைக்கு மாற்றி வைத்துக்கொண்டான்.

விடிவதற்கு வெகு முன்னால் மூங்கில் மண்டபத்தருகே எல்லோரும் கூட வேண்டும். கோதண்டபாணி ஒவ்வொரு வண்டியாக டயரை அமுக்கிப் பார்ப்பான், பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பான். எந்த வழியாகப் போவது, எந்தக் கிணற்றில் தண்ணீர் குடிப்பது, எந்த மரத்தடியில் கட்டுச்சோறு பிரிப்பது எல்லாவற்றையும் முன்கூட்டியே தனியாகப் போய்ப் பார்த்து வந்திருப்பான். யார் வீட்டிலும் சாப்பிடக் கூடாது, அவரவர் சோறு அவரவருக்கு என்பது அவன் வைத்த சட்டம். விசில் ஒருமுறை ஊதினால் புறப்பாடு, இருமுறை ஊதினால் ஓரம் கட்ட வேண்டும். அவன் முன்னால் போவான். மற்றவர்கள் ஒற்றை வரிசையில் பின்னால் வருவார்கள்.

திருமுக்கூடல், திருத்தணி, வந்தவாசி என்று போய்வந்தார்கள். ஒரு சித்திரை மாதத்தில் மாமல்லபுரம் போய்க் கடலில் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் அவனைத் ‘தலைவரே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விளையாட்டாகத் தொடங்கிய பெயர்தான். ஆனால் கடைத்தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவன் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

சாமுவேலைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தவன் பழனி. பழனி தையல்காரன், கனத்த உடம்பு, எப்போதும் வரிசையின் கடைசியில் மூச்சு வாங்க வருபவன். “நம்ம சாமுவேலு தலைவரே. தந்தி ஆபீஸு. நாள் பூரா சைக்கிள்லதான் கெடக்கறான், ஆனா ஒரு ஊரும் சுத்திப் பாத்ததில்லையாம்” என்றான். சாமுவேலுக்கும் கோதண்டபாணியின் வயதுதான் இருக்கும். நெடுநெடுவென்று உயரம், வெற்றிலைச் சிவப்பில் பெரிய வாய். சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் தந்தி கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை.

முதல் தடவை வாலாஜாபாத் தாண்டி ஒரு ஊருக்குள் போகும்போது, தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு அம்மாள் சாமுவேலைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு “ஐயோ, யாருக்கு இன்னா ஆச்சு” என்று அழ ஆரம்பித்தாள். சாமுவேல் காலை ஊன்றி நின்றான். “அழாத மா. எல்லாரும் நல்லா இருக்காங்க. நான் சும்மா ஊர் சுத்த வந்தேன். வேணும்னா சொல்லு, உன் புள்ளைக்கு ஆண் கொழந்தன்னு ஒரு தந்தி எழுதிக்கினு வரேன்” என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். கூட்டமே சிரித்தது. கோதண்டபாணியும் சிரித்தான். அன்று இரவு மனைவி கிருஷ்ணவேணியிடம் அதை இரண்டு தரம் சொன்னான்.

சாமுவேல் தானாகவே வரிசையின் கடைசிக்குப் போனான். பழனி எவ்வளவு மெதுவாக மிதித்தாலும் அவன் பக்கத்திலேயே வந்தான். தந்தி கொடுக்கப் போன வீடுகளின் கதைகளைச் சொல்வான், சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டு மெட்டில் கேலிப் பாட்டுக் கட்டிப் பாடுவான். கொஞ்ச நாளில் பழனிக்கு முன்னால் போகிறவன் வேகத்தைக் குறைத்தான். பிறகு அவனுக்கு முன்னால் போகிறவனும் குறைத்தான்.

முன்னால் போகும் கோதண்டபாணிக்குப் பின்னால் இருந்து சிரிப்பு கேட்கும். என்னவென்று தெரியாது. அவன் காது முதுகுப் பக்கம் திரும்பியிருக்கும். ஒருநாள் இருமுறை விசில் ஊதி எல்லோரையும் நிறுத்தி, “இன்னாத்துக்குச் சிரிச்சீங்க?” என்று கேட்டான்.

நெசவாளி சீனிவாசன் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். “அது இப்ப சொன்னா வராது தலைவரே. அப்பவே கேட்டிருக்கணும்.”

இன்னொரு அமாவாசை, ஐயம்பேட்டைத் திருப்பத்தில் அவன் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒருவரும் இல்லை. வெறும் ரோடு. காலை ஊன்றி நின்றான். வெகு நேரம் கழித்து அவர்கள் ஒரு கும்பலாக வந்தார்கள். ஒற்றை வரிசை இல்லை. சாமுவேலைச் சுற்றிக் கொத்தாக வந்தார்கள். “தலைவரே, முன்னாடியே போய்ட்டியா? நாங்க பாக்கவே இல்லப்பா” என்று சாமுவேல் உண்மையான வருத்தத்தோடு கேட்டான். அந்த வருத்தம்தான் கோதண்டபாணிக்கு ஆறவில்லை.

வீட்டில் அவன் சாமுவேல் கதைகளைச் சொல்வதை நிறுத்திவிட்டான். கிருஷ்ணவேணி விடவில்லை. “இந்தத் தடவ இன்னா பாட்டு பாடுனாராம்?” என்று கேட்பாள். புளிச்சோறு கட்டும்போது வாழை இலையில் தனியாக ஒரு பொட்டலம் வைத்து, “இது சாமுவேல் அண்ணனுக்கு. போன தடவ நல்லா இருந்துதுன்னு சொல்லி அனுப்பினாரே” என்பாள். பத்து வருஷமாக அந்தப் புளிச்சோற்றைத் தின்றும் தான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை என்பது கோதண்டபாணிக்கு அப்போதுதான் உறைத்தது. பொட்டலத்தைக் கேரியரில் வைக்கும்போது விரல் கூசியது.

அவன் ஒரு ஏற்பாடு செய்து பார்த்தான். சாமுவேலை வரிசையில் இரண்டாவதாக, தனக்கு நேர் பின்னால் வரச் சொன்னான். சாமுவேலும் தட்டாமல் வந்தான். ஆனால் கடைசியில் தனியாக விடப்பட்ட பழனி எங்கோ பின்தங்கிப்போய், மூச்சு முட்டி, பாதி வழியில் திரும்பி வீட்டுக்கே போய்விட்டான். அடுத்த முறை யாரும் கேட்காமலே சாமுவேல் பழைய இடத்துக்குப் போனான். யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

கிருஷ்ணவேணியின் ஊர் உத்திரமேரூருக்கு அருகில். அவள் அப்பா வீரபத்திரன் ஊரில் நாலு பேர் மதிக்கும் மனிதர். “உங்க கூட்டத்த ஒரு நாள் நம்ம ஊட்டுக்கு அழைச்சுக்கினு வாங்க மாப்ள, எல போட்டு அனுப்பறேன்” என்று பலமுறை சொல்லியிருந்தார். சட்டத்தைக் காட்டிக் கோதண்டபாணி மறுத்து வந்தான். அந்த மார்கழியில் வேடந்தாங்கல் போவதென்று முடிவானபோது, திரும்பும் வழியில் மத்தியானச் சாப்பாடு மாமனார் வீட்டில் என்று அவனாகவே சொல்லி அனுப்பினான். கிருஷ்ணவேணி சந்தோஷமாக முதல் நாளே சமையலுக்கு ஒத்தாசையாகப் பஸ் ஏறிப் போனாள்.

அந்த வீட்டுக்குள் எந்த ஜாதிக்காரர் போகலாம், யார் போகக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். கோதண்டபாணி டவுனில் சாமுவேலோடு ஒரே செம்பில் தண்ணீர் குடித்தவன்; அவனுக்கு அதில் ஒரு கூச்சமும் இருந்ததில்லை. மாமனாரை வைத்துத் தான் என்ன செய்யப் பார்க்கிறோம் என்பதை அவன் வாய்விட்டு ஒருவரிடமும் சொல்லவில்லை, தனக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் தெரிந்திருந்தது.

மூங்கில் மண்டபத்தில் எல்லோரும் கூடியபோது சாப்பாட்டு விஷயத்தை அறிவித்தான். வடை, பாயசம் என்றதும் குரல்கள் எழுந்தன. சாமுவேல் குனிந்து செயின் படாமல் பேன்ட் காலை மடித்துக்கொண்டிருந்தான்.

“எந்த ஊரு தலைவரே?”

கோதண்டபாணி ஊர்ப் பெயரைச் சொன்னான்.

“அந்த ஊரா.”

“ஏன், தெரியுமா?”

“தந்தி குடுத்திருக்கேன்” என்று மட்டும் சொல்லி, அடுத்த காலையும் மடித்தான்.

செவிலிமேட்டுப் பாலத்தைப் பனியில் கடந்தார்கள். உத்திரமேரூரில் டீ குடித்தார்கள். வெயில் சுடுவதற்குள் வேடந்தாங்கல் ஏரிக்கரை வந்துவிட்டது. தண்ணீருக்குள் நின்ற மரங்கள் வெள்ளை வெள்ளையாகப் பறவைகளைச் சுமந்துகொண்டிருந்தன. எல்லோரும் கரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் பார்த்தார்கள். சாமுவேல் எழுந்து வந்து கோதண்டபாணி பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எனக்கு ஊருன்னா வாசப்படிதான் தலைவரே. போவேன், கையெழுத்து வாங்குவேன், அவங்க அழ ஆரம்பிக்கறதுக்குள்ள திரும்பிடுவேன். ஏரி, மரம் எதையும் நின்னு பாத்ததில்ல. நீ இல்லன்னா இதெல்லாம் பாத்திருக்க மாட்டேன்.”

இன்னும் நேரம் இருக்கிறது, வேறு வழியாகத் திரும்பிவிடலாம், வீட்டில் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று கோதண்டபாணி ஒரு கணம் நினைத்தான். சொல்ல வாயைக்கூடத் திறந்தான். அதற்குள் பழனி, “சாமுவேலு, அந்தக் கொக்கப் பாரு, நம்ம அர்ஜுனன் வாத்தியார் மாதிரியே நிக்குது” என்றான். சாமுவேல் எழுந்து போய் அந்தக் கொக்கைப் போலக் கழுத்தை நீட்டி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்வதுபோல் செய்தான். கூட்டத்தோடு வந்திருந்த அந்த வாத்தியார் உட்பட அத்தனை பேரும் கரையில் விழுந்து சிரித்தார்கள். கோதண்டபாணி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தான். விசிலை எடுத்து ஊதினான்.

உச்சிவேளைக்குக் கிருஷ்ணவேணியின் ஊர் வந்து சேர்ந்தார்கள். வீரபத்திரன் வாசலில் நின்று கைகூப்பினார். கால் கழுவ அண்டாவில் தண்ணீர் இருந்தது. அவர் கண் ஒவ்வொரு முகமாகப் போய்ச் சாமுவேலிடம் நின்றது. தந்தி கொண்டுவந்த அந்த முகம் அவருக்குத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்தார். கோதண்டபாணி குனிந்து கால் கழுவினான்.

அடுத்து நடக்கப்போவதை அவன் பல இரவுகள் பார்த்து வைத்திருந்தான். மாமனார் சொல்லுவார், சாமுவேல் முகம் சுருங்கும், கூட்டம் அதைப் பார்க்கும், இனி அவன் சிரிக்கவைத்தால் அந்த முகம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அப்படி நடக்கவில்லை. வீரபத்திரன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சாமுவேல், “நீங்க போய் சாப்டுங்கபா. நான் வண்டிங்களப் பாத்துக்கினு இருக்கேன். இந்த ஊர்ப் பசங்க காத்தப் புடுங்கி வுட்டுருவாங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லி, சைக்கிள்கள் நின்ற குளக்கரைப் புளியமரத்தை நோக்கி நடந்துவிட்டான். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பசியில் இருந்தவர்கள் உள்ளே போனார்கள்.

கிருஷ்ணவேணி பரிமாற வந்தாள். கடைசியில் போட்டிருந்த இலை ஒன்று காலியாக இருந்தது. “சாமுவேல் அண்ணன் வரலீங்களா?” என்று கேட்டாள்.

“வெளிய இருக்கான்” என்றான் கோதண்டபாணி.

அவள் வாசலைப் பார்த்தாள். தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். கையில் இருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். அர்ஜுனன் வாத்தியார் தொண்டையைச் செருமினார், பிறகு சோற்றைப் பிசைந்தார். சீனிவாசன் இலையை விட்டுத் தலை தூக்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டார்கள். பழனி மட்டும் இரண்டு கவளம் வாயில் வைத்துவிட்டு, “எனக்கு வயிறு சரியில்லபா” என்று எழுந்தான். கிருஷ்ணவேணி கொல்லைப்பக்கமாகப் போய், காலியாக இருந்த இலைக்குரியதையெல்லாம் சாமுவேலுக்கென்று கட்டிப் பழனி கையில் கொடுத்தாள். வீரபத்திரன் அதைப் பார்த்தார். விருந்தாளிகள் இருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும் வழியில் சாமுவேல் உத்திரமேரூர்க் கூட்டு ரோட்டில் நின்றான். “இங்க ஒருத்தரப் பாக்கணும். நீங்க போங்க” என்று சொல்லி வேறு பக்கம் திரும்பினான். மற்றவர்கள் கோதண்டபாணிக்குப் பின்னால் ஒற்றை வரிசையில் வந்தார்கள். இடைவெளி விடாமல், யாரும் பின்தங்காமல், பழனிகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்து வந்தான். காஞ்சிபுரம் வரும்வரை ஒருவரும் பேசவில்லை. கோதண்டபாணி ஆசைப்பட்டது அப்படியே கிடைத்திருந்தது. சக்கரங்கள் உருளும் சத்தத்தைத் தவிர அவன் காதில் ஒன்றும் விழவில்லை.

மறுநாள் கிருஷ்ணவேணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையை வைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள்.

“எங்கப்பா எப்டின்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப வேணும்னுதான் அழைச்சுக்கினு வந்தீங்க.”

அவன் அவள் வைத்த பையை எடுத்து உள்ளே கொண்டுபோனான். அவள் பல நாள் அவனிடம் வேண்டியதற்கு மேல் பேசவில்லை.

தை அமாவாசையன்று முன்னோருக்குச் செய்ய வேண்டியது இருக்கிறது என்று பலர் வரவில்லை. அது நியாயமான காரணம். மாசியில் ஐந்து பேர் வந்தார்கள். அதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை. சாமுவேல் இரண்டுக்கும் வரவில்லை.

அந்த மாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் வேலையாக ஐயம்பேட்டைக்குப் போனபோது, டீக்கடை வாசலில் மூன்று சைக்கிள்கள் சாய்ந்து நிற்பதைக் கோதண்டபாணி பார்த்தான். பெஞ்சில் சாமுவேல், பழனி, சீனிவாசன். திருமுக்கூடல் போய் ஆற்றில் குளித்துவிட்டு வருகிறார்கள் என்பது துண்டின் ஈரத்தில் தெரிந்தது. சாமுவேல் ஏதோ சொல்ல, பழனியின் கையிலிருந்த டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. கோதண்டபாணி நிற்காமல் மிதித்துக்கொண்டு போய்விட்டான். வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம் இல்லை. மூன்று பேரும் என்ன பேசிச் சிரித்தார்கள் என்று தெரியாததுதான் அவனை அரித்தது. இவ்வளவு செய்த பிறகும் இது போகவில்லையே என்று அப்போதுதான் அவனுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

அன்று சாயங்காலம் அவன் சாமுவேல் வீட்டைத் தேடிப் போனான். ஓட்டு வீடு. வாசலில் சாமுவேலின் மனைவி மரியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெயரைச் சொன்னதும் எழுந்து, “தலைவருங்களா?” என்று முகம் மலர்ந்தாள். “உங்களப் பத்திதான் எப்பவும் பேச்சு. வேடந்தாங்கல்ல ஏரியக் காட்டுனீங்களாமே. இப்ப ஏன் போகலன்னு கேட்டா முட்டி வலின்றாரு. உள்ள வாங்க.”

அவள் கணவன் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கோதண்டபாணி உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தான். சாமுவேல் கொல்லையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். மனைவி டீ போட உள்ளே போனாள்.

“நீ வராதது கஷ்டமா இருக்குது சாமுவேலு.”

“சொல்லுங்க சார், இன்னா விஷயம்?”

சார் என்றது சுருக்கென்று தைத்தது. கோதண்டபாணி பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அந்த ஊருக்கு உன்ன வேணும்னுதான் கூட்டிக்கினு போனேன். நான் ஜாதி பாக்கறவன் இல்ல. உனக்கே தெரியும். பின்னாடி நீங்க சிரிக்கிறது கேக்கும். எனக்குத் தாங்கல. அதான்.”

சாமுவேல் அவனை நிமிர்ந்து பார்த்தான். “அதுக்கா?” என்றான்.

“அதுக்குத்தான்.”

“நான் வேற மாதிரி நெனச்சுக்கினு இருந்தேன். மாமனாரு ஊட்டுப் பேச்சத் தட்ட முடியாம பண்ணிட்ட, உள்ளுக்குள்ள நீயும் அவங்க மாதிரிதான் போலன்னு. அப்டி ஆளுங்கள நான் தெனமும் பாக்கறேன், ஒதுங்கிப் போயிடுவேன்.” அவன் குரல் உயரவில்லை. “நீ ஜாதிய நம்பவே இல்ல. ஆனா என்ன அடிக்க வேணும்னதும் அதத்தான் எடுத்திருக்க. இது அதவிட மோசம்பா. ‘நீ வராத சாமுவேலு, எனக்குப் புடிக்கல’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வராம நின்னிருப்பேன்.”

“சொல்ல வரல. சொன்னா நான் சின்னவனாயிடுவேன்னு இருந்துது.”

சாமுவேல் கை துடைத்த துண்டை மடித்துத் தோளில் போட்டான்.

“திரும்ப வரியா?”

“இல்ல. வந்தா நான் சிரிக்கும்போதெல்லாம் உன் முதுகப் பாக்கணும். என்னால முடியாது.”

மரியம்மாள் டீ கொண்டுவந்தாள். அவளுக்கு முன்னால் இருவரும் மழையைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் பேசினார்கள். கோதண்டபாணி டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தான். வாசல்வரை வந்த மரியம்மாள், “முட்டி சரியானதும் அனுப்பி வைக்கறேங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கிருஷ்ணவேணி எங்கே போனீர்கள் என்று கேட்டாள். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். டீக்கடையில் தனக்கு வந்த ஆத்திரத்தையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சமாதானமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு தானும் தட்டை எடுத்துக்கொண்டு அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அமாவாசைக் கூட்டம் அதற்குப் பிறகும் ஒரு வருஷம்போல நடந்தது. அப்புறம் ஆளில்லாமல் தானாக நின்றது. சாமுவேல் பிறகு வரவே இல்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தந்திப் பையோடு போய்விடுவான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் கூடவே பழனியும் மிதித்துக்கொண்டு போவான். கோதண்டபாணியின் காது அப்போதும் அவர்கள் பேச்சைத் தேடி நீளும். ஆனால் சாமுவேல் வருவது தெரிந்தால் அவன் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவான். சாமுவேல் கடந்து போகும்வரை ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக நின்றிருந்துவிட்டு, பிறகுதான் ஏறுவான்.